எருமைக்கு ஒரு நகல்

டயர் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில் ஒரு இரும்பு ஷட்டர் இருக்கிறது. எப்போதும் பாதிதான் திறந்திருக்கும். குனிந்து உள்ளே போனால் நான்கு பக்கமும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். நடுவில் நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, எதையாவது திட்டியபடியே ஈயத்தை உருக்கிச் சாலிடர் வைத்துக்கொண்டிருப்பாள். ஊரில் கிட்டார் தூக்குகிற எல்லாருக்கும் அவள் ஆம்ப் அக்கா. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த கிழங்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகின்றன. அவளும் அதைத் திருத்தியதில்லை. ஷட்டரை ஏன் முழுசாகத் திறப்பதில்லை என்று கேட்டால், "திறந்தா நின்னுக்கிட்டே ஊர்க்கதை பேசுவாங்க. குனிஞ்சு வர்றவன்தான் வேலை இருந்து வர்றவன்" என்பாள்.

அவளிடம் வருபவை பெரும்பாலும் வால்வு ஆம்ப்கள். பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மினுங்குமே, அதே கண்ணாடிக் குழல்கள்தான். உலகமே நகத்தளவு சில்லுக்கு மாறிப்போன பிறகும் கிட்டார்காரர்கள் மட்டும் இந்தக் கண்ணாடியை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். ஏன் என்றால் உயிர், மூச்சு, சூடு என்று ஏதேதோ சொல்வார்கள். "சூடு இருக்கு, ஒத்துக்கறேன். தொட்டுப் பாருங்க, கை பொத்துப்போகும்" என்பாள் அக்கா. கிண்டலுக்குச் சொல்வதுதான். உள்ளுக்குள் அவளும் அந்தக் கட்சிதான்.

கடைச்சுவரில் அவளே பெயின்ட்டால் எழுதிய பலகை ஒன்று உண்டு: 'ஒரு மணி நேரம் ஊறாமல் எதுவும் வெளியே போகாது.' பழுது பார்த்த ஆம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடி சோதித்துத்தான் கொடுப்பாள். குளிர்ந்த நிலையில் யோக்கியமாக இருக்கும் சாமான் சூடேறியதும் குணத்தைக் காட்டும் என்பது அவள் அனுபவம். பறக்கிற வாடிக்கையாளர்களைப் பலகையைக் காட்டியே உட்கார வைத்துவிடுவாள். இந்த விதிக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு விலக்கு. அது அவள் அண்ணனுடைய ஆம்ப்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பதினெட்டு வயதில் அவள் ரேடியோ தொழிற்சாலையில் சேர்ந்தாள். நீள மேஜையில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு ஆறு சாலிடர் வைத்து அடுத்தவளிடம் தள்ள வேண்டும். மற்றவர்கள் ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் மட்டும் ஏழாவது எதற்கு, எட்டாவது எதற்கு என்று மேற்பார்வையாளரை நச்சரித்து, ஆறு வருடத்தில் முழு ரேடியோவையும் கற்றுக்கொண்டாள். தொழிற்சாலையை மூடியபோது தைரியமாக ஒரு கிட்டார் ஆம்பைத் தன் கையாலேயே கட்டி அண்ணனுக்குக் கொடுத்தாள். கறுப்புப் பெட்டி, முப்பத்தாறு கிலோ. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை மாடிப்படி ஏறிய அன்றே அதற்கு எருமை என்று பெயர் வைத்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். கடை வந்தது, பேர் வந்தது. எருமை ஒரு நாளும் படுத்ததில்லை. பெற்ற பிள்ளைக்கு யாராவது பரீட்சை வைப்பார்களா? அவளும் வைக்கவில்லை.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வார நாட்களில் கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுவார். வைரமுனையால் ஒரே கோடு, இரண்டு விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான், துண்டு கையோடு வந்துவிடும். வார இறுதியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நான்கு பேர் குழுவில் கிட்டார். மற்றவர்கள் நூறு சுரம் வாசிக்கிற இடத்தில் அவர் ஒன்றுதான் வாசிப்பார். வாசித்துவிட்டு, அது தானாக மெலிந்து மெலிந்து இல்லாமல் போகிற வரைக்கும் சும்மா நிற்பார். சாப்பிட வந்தவர்கள் தட்டில் கரண்டி படாமல் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் கையில் இருந்த ஒரே வித்தை அந்த நீளமான கடைசிதான். அதற்காகத்தான் ஆட்கள் வந்தார்கள்.

பதினாலு மாதத்துக்கு முன் அவர் எருமையோடு ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார்.

"பாப்பா, நோட்டு முடியற எடத்துல ஒடையுது. கடைசில கரகரன்னு ஒரு மாதிரி. எருமைய ஒரு தடவ பாரேன்."

நாற்பத்தாறு வயதிலும் அவள் அண்ணனுக்குப் பாப்பாதான். உடனே ஆன் செய்தாள். பத்து நிமிஷத்தில் சத்தத்தை முழுசாக ஏற்றி, ஓங்கி மூன்று தட்டு தட்டினாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்க்ரூ டிரைவர்கள் எல்லாம் ஆடின. "கிண்ணுன்னு இருக்குண்ணே. இதுல ஒண்ணுமில்ல."

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி பத்து நிமிஷம், மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை வந்தபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் கட்டுனதுண்ணே அது! எருமைய சந்தேகப்பட்டா என்ன சந்தேகப்பட்ட மாதிரி" என்று பொரிந்தாள். அண்ணன் கொஞ்ச நேரம் தன் இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எருமையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் என்ன நினைத்தார் என்பதை அண்ணிதான் பிறகு சொன்னாள். அவர்கள் அப்பாவுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் கரண்டி, அப்புறம் சட்டைப் பொத்தான், கடைசியில் தண்ணீர் டம்ளர். பதினோரு வருடம் அப்பாவுக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டது அண்ணன்தான். இப்போது அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு. கச்சேரி ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆனதும் நீளமான சுரம் கடைசியில் உதறுகிறது. களைத்த கை நடுங்காமல் என்ன செய்யும்? கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. டாக்டர் கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி, "எனக்குக் கோளாறு எதுவும் தெரியல. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவ வந்து காட்டுங்க" என்றார். மனிதருக்கு முதல் பாதி காதில் விழவே இல்லை. ஆறு மாதம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டு, கடையில் வருகிறவர்களிடம் அளவு குறித்துக்கொள்ளும் வேலைக்கு மாறிக்கொண்டார். ஒரு கண்ணாடிகூட அவர் கையில் கோணலாகப் போனதில்லை. போவதற்கு முன் நாமே விலகிவிடலாம் என்ற பயம்தான். மண்டபத்தில் சுரங்களை முடியவிடாமல் உள்ளங்கையால் பாதியிலேயே அமுக்கிவிடுவார். வேறு ஆம்பில் வாசித்துப் பார் என்றார்கள் குழுவினர். ஒரு நாள் வாசித்தார். அங்கேயும் உடைவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் அமுக்கினார். பிறகு அதிலிருந்து என்ன தெரியும்? அக்காவும் ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்க் கேட்டாள். உடைந்த சுரம் ஒன்றுகூட அவளுக்குக் கேட்கவில்லை. முடிந்த சுரமே இல்லாதபோது எப்படிக் கேட்கும்?

கடைசியில் ஒரு திங்கட்கிழமை அண்ணன் போனில் பேசினார். "வர்ற சனிக்கிழமையோட நான் நிறுத்திக்கறேன் பாப்பா. குழுல சொல்லிட்டேன். உங்கிட்ட யாரோ ஆம்ப நகல் எடுக்க வர்றாங்கன்னியே, எருமையையும் குடு. நான் இல்லன்னாலும் அந்தச் சத்தம் எங்கயாவது இருக்கட்டும்."

அவள் எவ்வளவோ மல்லுக்கட்டினாள். அவர் அசையவில்லை. குழுவில் டிரம் வாசிப்பவர் எருமையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். அண்ணன் கூட வரவில்லை.

நகல் எடுக்க வந்தவள் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறவள், வயது முப்பத்தைந்து இருக்கும். பையில் ஒரு மடிக்கணினி, இரண்டு மைக், சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. பார்ப்பதை எல்லாம் எண்ணாக்கிப் பேசுவாள் என்பதால் அக்கா அவளுக்கு வந்த ஐந்தாவது நிமிஷமே அளவுக்காரி என்று பேர் வைத்துவிட்டாள்.

"இந்தச் சோப்புப் பெட்டிக்குள்ள முப்பத்தாறு கிலோ எருமைய அடைச்சிடுவீங்களா?" என்றாள் அக்கா.

"எருமைய அடைக்க மாட்டோம் அக்கா. அதோட பழக்கத்த மட்டும் எடுத்துக்குவோம்" என்றாள் அளவுக்காரி, சிரிக்காமல்.

விஷயம் இதுதான். கருவியிலிருந்து ஆம்புக்குள் விதவிதமான சத்தங்களை நான்கு நிமிஷம் அனுப்புவார்கள். மெல்லிய சீழ்க்கை, இரைச்சல், ஓங்கி ஒரு அடி, கிட்டார் துணுக்குகள். ஸ்பீக்கர் முன்னால் வைத்த மைக் வெளியே வருவதைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போனது இது, வெளியே வந்தது இது என்று இரண்டையும் கணினிக்குக் கொடுத்துவிட்டால், ஒன்று எப்படி மற்றொன்றாக மாறியது என்று அதுவே முட்டி மோதிக் கற்றுக்கொள்ளும். ஆம்புக்குள் வால்வு இருக்கிறதா வாழைப்பட்டை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு எந்தக் கிட்டாரை அந்தக் கருவியில் சொருகினாலும் அந்த ஆம்பில் வந்திருக்க வேண்டிய சத்தம் வரும். குமிழ்களை எந்த நிலையில் வைத்து எடுத்தார்களோ அந்த ஒரு நிலை மட்டும்தான், புகைப்படம் மாதிரி. ஆம்பின் முன்னால் நின்றால் கால்சட்டையில் வந்து மோதும் காற்றும் அதில் கிடையாது. அதையெல்லாம் அளவுக்காரியே ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

முதலில் கடையில் கிடந்த ஒரு பழைய ஆம்பை எடுத்தார்கள். கணினி முக்கால் மணி நேரம் கற்றது. பிறகு அளவுக்காரி அக்காவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். அவள் கம்பெனியில் ஒரு பெண் வேறெங்கோ உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்த கிட்டார். கணினி கற்றபோது கேட்டிராத வாசிப்பு. அதை ஒரு தடவை நிஜ ஆம்ப் வழியாக, ஒரு தடவை நகல் வழியாக, பத்து தடவை கலைத்துக் கலைத்துப் போட்டாள். எது நிஜம், எது நகல்?

"இருபத்திரண்டு வருஷக் காது இது" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் அடித்துச் சொன்னாள், தயங்கவே இல்லை. கடைசியில் அளவுக்காரி தாளைத் திருப்பிக் காட்டினாள். பத்தில் நான்கு சரி. காசு சுண்டிப் போட்டிருந்தால்கூட ஐந்து வந்திருக்கும்.

அக்காவுக்கு மூக்கு உடைந்ததுதான். ஆனால் அதைவிடப் பெரியதாக வேறொன்று நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த ஆம்பின் ஒவ்வொரு கம்பியையும் அவள் தொட்டிருக்கிறாள். எந்த இடத்தில் கத்தும், எந்த இடத்தில் முனகும் என்று அவளுக்குத் தெரியும். வெறும் நான்கு நிமிஷம் வெளியே நின்று கேட்டுவிட்டு ஒரு கணக்கு அதே கத்தலையும் முனகலையும் எழுதிவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தது அதற்கு? ஹெட்ஃபோனைக் கழற்றாமல் இன்னும் இரண்டு தடவை கேட்டாள். உடம்பு சிலிர்த்தது. அதை அளவுக்காரியிடம் காட்டிக்கொள்ளாமல், "பரவால்ல" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்து எருமை. அக்கா சுவிட்சைப் போட்டதும் வயரைச் சொருகப் போனாள். அளவுக்காரி தடுத்தாள்.

"ஒரு மணி நேரம் ஓடட்டும் அக்கா."

"எருமைக்கு வேணாம்மா. அத எனக்குத் தெரியும்."

"நீங்கதான போர்டுல எழுதி வச்சிருக்கீங்க?"

அக்கா பலகையை ஒரு தடவை முறைத்துவிட்டு, "சரி, ஊறட்டும்" என்றாள். இருவரும் சாப்பிட்டார்கள். தையற்கடைக்காரர் வந்து, எருமையை யாரோ வாங்கப் போகிறார்கள் என்று நினைத்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். ஒன்றே கால் மணி நேரம் கழித்து மைக்கை வைத்து, அண்ணன் வழக்கமாக வைக்கும் இடங்களில் குமிழ்களைத் திருப்பி, நகல் எடுத்தார்கள். கணினி கற்று முடித்தது. மறுபடி ஹெட்ஃபோன்.

இந்தத் தடவை அக்கா விடப்போவதில்லை. தன் வயிற்றில் பிறந்ததை வேறு ஒன்றோடு எவளாவது குழப்பிக்கொள்வாளா? முதல் துணுக்கு ஓடியது. எருமையின் தடித்த குரல், மெதுவான ஒரு சுரம், அது நீண்டு மெலிந்து தேய்ந்துகொண்டே போய், முடியப் போகிற இடத்தில் கரகரவென்று உடைந்தது. துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம். ஒரு கணம்தான்.

"நிறுத்து!" என்று அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "மாட்டுனீங்களா! இதுதான் நகல். அடுத்தது போடவே வேணாம். கடைசில கரகரன்னுச்சு பாருங்க, உங்க கணக்கு அங்க சறுக்கிடுச்சு. எருமை ஜென்மத்துக்கும் அப்படிக் கத்தாது."

அளவுக்காரி தயங்கினாள். பிறகு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இப்பக் கேட்டது நிஜ ஆம்ப்."

அக்கா புரியாமல் பார்த்தாள்.

"இதான் நகல்" என்று அளவுக்காரி அடுத்ததைப் போட்டாள். அதே தடித்த குரல், அதே தேய்தல், அதே இடத்தில் அதே கரகரப்பு. "நானும் முதல்ல நகல்தான் தப்பாக் கத்துக்கிச்சோன்னு நெனச்சேன். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சுப் பார்த்தேன். ஆம்ப்ல இருக்கு, அதனாலதான் நகல்லயும் இருக்கு."

நோட்டு முடியற எடத்துல ஒடையுது பாப்பா. கடைசில கரகரன்னு ஒரு மாதிரி. அண்ணன் பதினாலு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நின்று சொன்ன வார்த்தைகள் ஒன்று விடாமல் காதில் ஒலித்தன. அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அளவுக்காரி பயந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

தண்ணீர் வருவதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். எருமை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிட்டாரைச் சொருகி, மெதுவாக ஒரே ஒரு கம்பியை மீட்டி, கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆம்பை அவள் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை. கடைசியில் வந்தது, கரகர.

பின்பலகையைக் கழற்றினாள். ஒரு ஒலி அலையை இரண்டு பெரிய வால்வுகள் பாதிப் பாதியாகத் தூக்குகின்றன. ஒன்று கை விடுவதற்குள் மற்றது வாங்கிக்கொள்ள வேண்டும். எப்போது வாங்குவது என்று அவற்றுக்குச் சொல்லும் மின்னழுத்தம் இருக்க வேண்டிய அளவை விட்டு எங்கேயோ போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் சுமை ஒரு கணம் அந்தரத்தில் தொங்கியது. ஓங்கி வாசித்தால் அந்த இடைவெளி சத்தத்துக்குள் மறைந்துவிடும். மெலிந்து முடிகிற சுரத்தில்தான் பல்லைக் காட்டும். ஒவ்வொரு பாகமாக மீட்டரால் தொட்டுக்கொண்டே போனாள். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு ரெசிஸ்டர், மின்சாரத்தை அளந்து விடும் பாகம், தப்பான எண்ணைக் காட்டியது. குளிர்விக்கும் ஸ்ப்ரேயை அதன் மேல் மட்டும் அடித்தாள். கம்பியை மீட்டினாள். சுரம் பட்டு நூலாகத் தேய்ந்து முடிந்தது. இரண்டு நிமிஷத்தில் அது சூடேறியதும் மறுபடி கரகர.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவள் கையால் வைத்த ரெசிஸ்டர் அது. குளிர்ந்திருக்கும்போது யோக்கியமாக இருந்து, சூடேறியதும் குணத்தைக் காட்டியிருக்கிறது. ஊரான் வீட்டு ஆம்புக்கெல்லாம் பலகை வைத்தவள், பத்து நிமிஷம் ஓங்கித் தட்டிவிட்டு மூன்று தடவை அண்ணனை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறாள். அவர் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே ஷட்டருக்குக் கீழே குனிந்து போயிருக்கிறார். வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது.

அந்த வெட்கத்துக்கு நடுவிலும் அவள் கண் அந்தச் சோப்புப் பெட்டியை விட்டு நகரவில்லை. அதற்கு ரெசிஸ்டர் என்றால் என்னவென்று தெரியாது. அவளைத் தெரியாது, அண்ணனைத் தெரியாது. எருமை மேல் பாசமும் இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னது, அவ்வளவுதான். அழகான குரலை எடுத்துக்கொண்ட அதே கவனத்தோடு, இந்த ஒரு நொடிக் கரகரப்பையும் விடாமல் எடுத்து வைத்திருக்கிறது. இப்படி ஒருத்தர் கேட்க முடியுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. கை தானாகப் போய் அந்தப் பெட்டியைத் தொட்டது. சூடே இல்லாமல் சில்லென்று இருந்தது.

சாலிடர் இரும்பு தயாராக இருந்தது. புது ரெசிஸ்டரும் டப்பாவில் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. இரும்பைக் கையில் எடுத்தவள் மறுபடி கீழே வைத்துவிட்டாள்.

"ஏன் அக்கா?" என்றாள் அளவுக்காரி.

"சரி பண்ணிட்டுப் போய்ச் சொன்னா நம்ப மாட்டாரு. ஆறுதலுக்காகப் பொய் சொல்றேன்னு நெனப்பாரு. இந்தப் பெட்டிய ஒரு சாயங்காலம் குடுக்கறீங்களா?"

அளவுக்காரி எதுவும் கேட்காமல் மடிக்கணினியையும் சேர்த்துக் கொடுத்தாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று இரண்டு தடவை காட்டினாள்.

அண்ணன் வீடு மூன்றாவது மாடியில். அக்கா போனபோது வெளிச்சம் இருந்தது. அண்ணி கதவைத் திறந்து, "வா, நீயாவது அவர்கிட்டப் பேசு. ரெண்டு வார்த்தைக்கு மேல வாயத் தெறக்க மாட்டேங்கறாரு" என்றாள். அண்ணன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கிட்டாரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே வழியனுப்புகிற துடைப்பு அது.

"நகல் எடுத்தாச்சா?" என்றார், திரும்பாமல்.

"எடுத்தாச்சு. கேட்டுப் பாரு." அவள் ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

எருமையின் முதல் சுரம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. புருவம் மேலே போனது. "அட" என்று வாய் அசைந்தது. சுரம் நீண்டது, மெலிந்தது, கடைசிக்குப் போனது. அவர் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்குவதை அக்கா பார்த்தாள். ஹெட்ஃபோனைப் பிடுங்கி மடியில் வைத்தார்.

"என் வாசிப்ப எப்ப பதிவு பண்ணுன? இத வச்சு ஊர் பூராக் காட்டப் போறியா?"

"உன் வாசிப்பு இல்லண்ணே."

"என் கை எனக்குத் தெரியாதா? ஒடையுதே, கேக்கல?"

"அது ஒரு பொண்ணோட கை. இருபத்துமூணு வயசு. அந்தக் கம்பெனில வேலை பாக்குது. எருமைய அது கண்ணால பார்த்ததுகூட இல்ல." அக்கா ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினாள். "மறுபடி மாட்டிக்கோ. இப்ப நகல எடுத்துட்டு, அந்தப் பொண்ணு வாசிச்சத மட்டும் போடறேன்."

அவர் மாட்டிக்கொண்டார். ஆம்ப் எதுவும் இல்லாத வெறும் கிட்டார், சன்னமாக. அதே சுரம். கடைசி வரை போய் ஒரு பிசிறும் இல்லாமல் முடிந்தது. அவள் நகலைச் சேர்த்தாள். அதே விரல், அதே சுரம், கடைசியில் கரகர. எடுத்தாள், சுத்தம். சேர்த்தாள், கரகர. நான்காவது தடவை அவரே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

"ஒரு ரெசிஸ்டர்ண்ணே" என்றாள் அக்கா. சொல்ல வேண்டியதை எல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள். "நான் வச்சது. சூடானா கெட்டுப்போகுது. நீ மூணு தடவ வந்து சொன்ன. நான் ஒரு தடவகூட ஊற வைக்கல. என் கை வேலைல தப்பு இருக்காதுன்னு திமிரு. உன் கைல ஒண்ணுமில்லண்ணே. தப்பு என்னுது."

அண்ணி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பதினாலு மாசம், பாப்பா" என்றார் அண்ணன்.

"ஆமா."

"தெனமும் காலைல எந்திரிச்சதும் கைய நீட்டிப் பார்ப்பேன். அப்பா கை மாதிரி ஆயிடுச்சான்னு."

அக்காவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. அண்ணியைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை அவள் காதில் வைத்து அந்தச் சுரத்தைப் போட்டார்.

அண்ணி முகத்தைச் சுளித்தாள். "சீ, என்ன இது, கதவு கிறீச்சிடற மாதிரி! இதுக்காகவா மனுஷன் இத்தன நாள் சோறு எறங்காம உட்கார்ந்திருந்தாரு?"

"இதுக்காகத்தான்" என்றார் அண்ணன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. ஹெட்ஃபோனைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காலைல முதல் வேலையா மாத்திடறேண்ணே. அஞ்சு நிமிஷ வேலை. சனிக்கிழமைக்குள்ள புதுசு மாதிரி பண்ணித் தர்றேன்."

"மாத்து, மாத்து" என்றார். இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்கு முன்னாடி அந்தக் கரகரப்ப இன்னொரு தடவ போடு பாப்பா. இன்னும் கொஞ்சம் சத்தமா."